இரட்டைக் குட்டிக்காகக் கலப்பினம்: கிடா வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: கரூர் பக்கம் 60 மேச்சேரிச் செம்மறிப் பெட்டைகள் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான். வங்காளத்துக் கரோல் கிடாவை விட்டால் இரட்டைக் குட்டி போடும் என்கிறார்கள். செய்யலாமா? எப்படிச் செய்வது?

பதில்:

செம்மறியில் கலப்பினம் மூலம் இரட்டைக் குட்டி கொண்டுவர முடியும். இந்தியாவிலேயே இரண்டு இடங்களில் செய்து முடித்திருக்கிறார்கள். ஆனால் கரோல் கிடாவை நேராக உங்கள் மந்தையில் விடுவது அதற்கான வழி இல்லை. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பலர் பணம் இழப்பது இந்த இடத்தில்தான்.

ஒரு ஈற்றில் எத்தனை குட்டி என்பதைத் தீர்மானிப்பது தாய் ஆடு. அதன் சினைப்பையிலிருந்து ஒரு பருவத்தில் எத்தனை முட்டை வெளிவருகிறதோ அதற்கு மேல் குட்டி கிடையாது. (ஒரே முட்டை பிளந்து இரண்டு குட்டியாக மாறுவது செம்மறியில் மிக அரிது.) எனவே எந்தக் கிடாவை விட்டாலும் இப்போது உங்களிடம் இருக்கும் மேச்சேரிப் பெட்டைகள் ஒற்றைக் குட்டியேதான் போடும். கிடாவின் குணம் அதன் மகள்களிடம்தான் தெரியும். கிடா விட்டு ஐந்து மாதத்தில் குட்டி, அந்தப் பெட்டைக் குட்டி வளர்ந்து சினைக்கு நிற்க இன்னும் 10 முதல் 12 மாதம், அது ஈன மேலும் ஐந்து மாதம். முதல் இரட்டைக் குட்டியைப் பார்க்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். "இந்தக் கிடா இரட்டைக் குட்டி கொடுக்கும்" என்று அடுத்த ஈற்றுக்கே வாக்குக் கொடுத்து விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கரோல் என்பது சுந்தரவனத்துச் சதுப்பு நிலத்து ஆடு. முழங்கால் தண்ணீரில் நின்று மேயும். வளர்ந்த பெட்டையின் எடையே 10 முதல் 14 கிலோதான். பிறக்கும் குட்டி ஒரு கிலோ அளவில் இருக்கும். ஆனால் இரண்டு போடுவது அதற்குச் சாதாரணம், மூன்றும் போடும். 1792, 1793-ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியா போன வங்காள ஆடுகளின் ரத்தம் அங்கே மெரினோ என்ற ரோம ஆட்டில் கலந்தது. பின்னாளில் நியூ சவுத் வேல்ஸில் கூமா அருகே புரூலா என்ற பண்ணையின் மெரினோக்கள் மூன்றும் நான்கும் போடுவதைப் பார்த்து ஆராய்ந்தபோது, இது பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை இல்லை, ஒரே ஒரு மரபணுவின் வேலை என்று தெரிந்தது. 2001-இல் அந்த மாற்றத்தை ஆறாவது குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். 2002-இல் கரோலிலும் அதே மாற்றம் இருப்பது உறுதியானது. ஃபெக்-பி என்று இதற்குப் பெயர். ஒடிசாவின் கேந்திரபாடா ஆட்டிலும், நம் நீலகிரி செம்மறியிலும் இந்த மரபணு இருப்பதைப் பரிசோதனையில் கண்டிருக்கிறார்கள்.

ஒரே மரபணு என்பது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. ஃபின், ரோமனோவ் போன்ற ஐரோப்பிய இனங்களும் நிறையக் குட்டி போடும். ஆனால் அங்கே பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. கலப்பில் பாதி ரத்தம் போனால் பாதிக் குணம், கால் ரத்தம் போனால் கால் குணம் என்று கரைந்துவிடும். குணம் வேண்டுமானால் குளிர்நாட்டு உடம்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஃபெக்-பி அப்படி இல்லை. கரோலின் உடம்பை முழுக்கக் கழற்றிவிட்டு அந்த ஒரு மரபணுவை மட்டும் வைத்துக்கொள்ள முடியும். சொந்த மந்தையில் இரட்டை போட்ட ஆட்டின் குட்டியையே பொறுக்கி வைத்து இனத்தை முன்னேற்றலாமே என்றால், ஈற்றளவு தாயிடமிருந்து மகளுக்கு மரபாக இறங்குவது மிகக் குறைவு, பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஓர் ஆயுள் போதாது.

இந்த மரபணு செய்வது இதுதான். சினைப்பையில் முட்டையைத் தாங்கிய நுண்பைகள் பல வளரத் தொடங்கும். சாதாரண ஆட்டில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு பெரிதாக, மற்றவை வாடிவிடும். ஃபெக்-பி இருந்தால் நுண்பைகள் சிறிய அளவிலேயே முதிர்ந்துவிடுகின்றன. அதனால் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே நேரத்தில் வெடிக்கின்றன. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரு பிரதி வந்திருந்தால் இரண்டு முட்டை, சில சமயம் மூன்று. இருவரிடமிருந்தும் இரண்டு பிரதி வந்திருந்தால் இன்னும் கூடும். வெளிவந்த முட்டை எல்லாம் குட்டியாகாது. இரண்டில் ஒன்று கருவிலேயே கரைவதும் உண்டு. அதனால் மரபணு உள்ள ஆடு முதல் ஈற்றில் ஒற்றை போட்டால் "இதற்குக் குணம் வரவில்லை" என்று கழித்துவிடக் கூடாது.

மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்டத்து ஃபல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மரபணுவை வறண்ட நிலத்துத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்தது. 1990-களில் கரோலைக் கொண்டுவந்து தொடங்கிய வேலை, ஆஸ்திரேலிய உதவியுடனும் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் துணையுடனும் நடந்து, நாரி சுவர்ணா என்ற ஆட்டில் முடிந்தது. ஆட்டிடையர் மந்தைகளிலும் விட்டுப் பார்த்தார்கள். ஒரு பிரதி உள்ள பெட்டைகள், இல்லாதவற்றைவிட 100 ஈற்றுக்கு ஏறக்குறைய 40 முதல் 60 குட்டி கூடுதலாகப் போடுகின்றன. ஒவ்வொரு ஈற்றும் இரட்டை என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இரண்டு ஈற்றில் ஒன்று இரட்டை என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இரண்டாவது இடம் ராஜஸ்தானில் டோங்க் மாவட்டத்து அவிகாநகர். அங்குள்ள மத்திய செம்மறி மற்றும் ரோம ஆராய்ச்சி நிறுவனம் கரோலை முதலில் மால்புரா ஆட்டுடன் கலந்தது. இரட்டை வந்தது. ஆனால் மூன்று கிலோ அளவில் பிறந்துகொண்டிருந்த குட்டி இரண்டு கிலோ அளவுக்கு இறங்கியது, வளர்ச்சியும் குறைந்தது, இரண்டு குட்டிக்குத் தாயின் பாலும் போதவில்லை. பிறகுதான் பால் வளமும் உடலும் உள்ள குஜராத்தின் பட்டன்வாடியைச் சேர்த்தார்கள். இப்போது அவிஷான் என்று அறியப்படும் ஆட்டில் பட்டன்வாடி 50 சதவீதம், மால்புரா 37.5, கரோல் 12.5. இந்த விகிதத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எட்டில் ஒரு பங்குக்கு மேல் கரோல் ரத்தம் வறண்ட நிலத்து இறைச்சி ஆட்டுக்கு ஆகாது என்பதை இரண்டு நிறுவனங்களின் அனுபவமும் காட்டுகிறது. கரோலிடம் இன்னொரு நல்ல குணமும் உண்டு, குடற்புழுவை நன்றாகத் தாங்கும். ஆனால் அது ரத்தத்தோடு சேர்ந்து வருவதும் போவதும். ஃபெக்-பி போலத் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது.

கரோல் கிடாவை நீங்களே வாங்கித் தொடங்கினால் என்ன ஆகும்? 15 கிலோக் கிடா உயரமான மேச்சேரிப் பெட்டையின் மீது ஏறவே முடியாது. பெட்டையைப் பள்ளத்தில் நிறுத்த வேண்டும், அல்லது கிடாவை மேடையில் நிறுத்திப் பழக்க வேண்டும், அல்லது கிடாவின் விந்தை எடுத்து நீர்க்கவைத்து அன்றே செலுத்த வேண்டும். செம்மறியின் கருப்பை வாய் மடிப்பு மடிப்பாக வளைந்திருப்பதால் உறைவிந்தை மாட்டுக்குச் செலுத்துவது போலச் செலுத்தினால் சினை பிடிப்பது மிகக் குறைவு. புது விந்து அல்லது குளிரூட்டிய விந்துதான் ஆகும். சரி, எப்படியோ முதல் தலைமுறை பிறந்துவிட்டது என்று வைப்போம். அது பாதி கரோல். சந்தையில் எடை நிற்காது. அதிலிருந்து கிடாக் குட்டியை எடுத்து மறுபடி மேச்சேரியில் விட்டால் கால் பங்கு, அடுத்தது எட்டில் ஒன்று, அதற்கடுத்தது பதினாறில் ஒன்று. ஒவ்வொரு படியிலும் பிறக்கும் குட்டிகளில் பாதிக்குத்தான் மரபணு இருக்கும். அதிலும் பாதிதான் கிடா. கிடாவைப் பார்த்து மரபணு இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது; அது முட்டையிடுவதில்லையே. இரட்டையில் பிறந்த கிடா என்பதற்காகப் பொறுக்கினால் பாதிக்குப் பாதி தவறும். இரட்டையில் ஒன்றுக்கு மரபணு இருந்து மற்றதற்கு இல்லாமல் போகும். ஒற்றையாகப் பிறந்ததற்கு இருக்கும்.

அதனால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் இந்த வேலையே இல்லை. கழுத்து ரத்தக்குழாயிலிருந்து 2 முதல் 5 மில்லி ரத்தம், உறையாமல் தடுக்கும் மருந்து பூசிய ஊதா மூடிக் குழாயில், ஐஸ் வைத்து அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் பி.சி.ஆர் முறையில் அந்தத் துண்டை மட்டும் பெருக்கி ஒரு நொதியால் வெட்டிப் பார்ப்பார்கள். வெட்டுப்படாத துண்டு மட்டும் தெரிந்தால் மரபணு இல்லை, வெட்டியதும் வெட்டாததும் தெரிந்தால் ஒரு பிரதி, வெட்டியது மட்டும் தெரிந்தால் இரண்டு பிரதி. வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். குட்டிக்கு ஒரு மாதம் ஆனதும் எடுக்கலாம். காதுத் தோடு போடாத குட்டியின் முடிவு எந்தக் குட்டிக்கு என்றே தெரியாமல் போகும், முதலில் தோடு, பிறகு ரத்தம்.

மூன்று நான்கு தலைமுறை, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை ஆண்டு. ஐந்து ஆறு ஆண்டும் நூற்றுக்கணக்கான பரிசோதனையும் ஆகும் வேலை. இதை 60 ஆடு வைத்திருப்பவர் செய்யக் கூடாது, செய்யவும் தேவையில்லை. ஃபல்டனும் அவிகாநகரும் அதைச் செய்து முடித்துவிட்டன. இரண்டு பிரதி உள்ளது என்ற பரிசோதனைத் தாளோடு, கரோல் ரத்தம் எட்டில் ஒன்றோ அதற்குக் கீழோ உள்ள கிடாவை வாங்குங்கள். கிடாவுடன் மரபணுத் தாள் வராவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கொண்டுவந்த கிடாவை 30 நாள் தனியே கட்டுங்கள். கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா நோய்க்கு ரத்தம் பாருங்கள், குடற்புழு நீக்குங்கள், ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர்) தடுப்பூசி போட்ட பிறகு மந்தையில் சேருங்கள்.

இப்போது யாரை யாருடன் சேர்ப்பது. இதில் ஒரே ஒரு விதி: ஒரு பெட்டைக்கு ஒரு பிரதி போதும், இரண்டு பிரதி வேண்டாம். இரண்டு பிரதி உள்ள பெட்டை மூன்று போடும். ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கும் மூன்று குட்டிகளில் ஒன்றைக் காப்பாற்றுவதே பெரும்பாடு; மடியில் காம்பு இரண்டுதான். மேய்ச்சலை நம்பிய மந்தைக்கு அது வரமல்ல. இரண்டு பிரதி கிடாவிடம் மட்டும் இருக்கட்டும். இரண்டு பிரதிக் கிடாவும் தூய மேச்சேரிப் பெட்டையும் சேர்ந்தால் பிறக்கும் மகள்கள் அத்தனைக்கும் தப்பாமல் ஒரு பிரதி இருக்கும். மகளுக்குப் பரிசோதனையே தேவையில்லை. அந்த மகள்களை நல்ல எடை வளரும் மேச்சேரிக் கிடாவுடன் சேர்த்து, பிறக்கும் குட்டிகள் எல்லாவற்றையும் இறைச்சிக்கு விற்றுவிடுங்கள். அதிலிருந்து பெட்டைக் குட்டி வைக்க ஆரம்பித்தால் பாதிக்கு மரபணு இருக்கும், பாதிக்கு இருக்காது, மறுபடி பரிசோதனைச் செலவு.

60 ஆட்டுக்கு இதைப் பங்கிட்டால்: 30 தூய மேச்சேரி, 30 ஒரு பிரதிப் பெட்டை. தூய 30-இல் 15-ஐ மேச்சேரிக் கிடாவுடன் சேர்த்தால் தூய மந்தைக்கு மாற்றுப் பெட்டைகள் கிடைக்கும். மீதி 15-ஐ மரபணுக் கிடாவுடன் சேர்த்தால் மற்ற மந்தைக்கான பெட்டைகள் கிடைக்கும். ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு கழிப்பு என்றால் ஒவ்வொரு பக்கமும் ஆறு பெட்டை வேண்டும். 15 ஆட்டில் 13 ஈன்று, பாதி பெட்டை என்றால் ஆறுதான் தேறும். கணக்கு நூலிழையில் நிற்கிறது. எட்டு மாதத்துக்கு ஒரு ஈற்று என்று இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று எடுத்தால் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும். இந்த 30-க்கு 30 நிலையை எட்ட நான்கு, ஐந்து ஆண்டு பிடிக்கும். தூய பாதியை ஒருபோதும் கைவிடாதீர்கள். மேச்சேரியின் தோலுக்கு என்று தனி மதிப்பு உண்டு, இந்த வெயிலைத் தாங்கும் உடம்பு அதற்கு உண்டு. எல்லாவற்றையும் கலந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு எதிலிருந்து பெட்டை எடுப்பது?

நடைமுறையில் தவறுவது கிடா பிரிப்பில்தான். கிடா எப்போதும் மந்தையோடு திரிந்தால் எந்தக் குட்டிக்கு யார் தகப்பன் என்று தெரியாது; மரபணுக் கிடா தன் மகளையே சேரும். அப்படிச் சேர்ந்தால் பிறப்பதில் பாதி இரண்டு பிரதி, அதோடு உறவுக் கலப்பின் நலிவும். கிடாக்களைத் தனியே கட்டி, சேர்க்கைக் காலத்தில் மட்டும் 34 முதல் 40 நாள் விடுங்கள். செம்மறி 16, 17 நாளுக்கு ஒருமுறை சினைக்கு வருவதால் இரண்டு சுற்று அதில் அடங்கிவிடும். 25, 30 பெட்டைக்கு ஒரு கிடா. மேய்ச்சல் ஒரே இடம்தான், பிரிக்க முடியாது என்றால், பகலில் கிடாக்களின் வயிற்றுக்குக் கீழே சாக்குத் துண்டு கட்டி அனுப்பி, மாலையில் பட்டியில் பிரித்துச் சேர்க்கலாம். மரபணுக் கிடாவை இரண்டு ஆண்டுக்கு மேல் வைக்காமல் இன்னொருவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லா ஆடும் ஒரே வாரத்தில் ஈன வேண்டும் என்று பிறப்புறுப்பில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பஞ்சு வைப்பவர்கள் உண்டு. அவிகாநகர் இதற்கென்றே அவிகெசில்-எஸ் என்ற பஞ்சை உருவாக்கியிருக்கிறது. 12 நாள் வைத்து எடுக்கும்போது கூடவே ஒரு ஊசியும் போடுவது வழக்கம். தூய மேச்சேரிக்கு மருத்துவர் சொல்லும் அளவில் அது சரி. ஒரு பிரதிப் பெட்டைக்கு அந்த ஊசியைப் போடாதீர்கள். இந்த மரபணு உள்ள சினைப்பை அந்த மருந்துக்கு மிக வேகமாக எதிர்வினை காட்டும். நான்கு, ஐந்து முட்டை வெளிவந்து எல்லாமே கெடலாம்.

இனி, இந்தப் பதிலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்கள். இன்று 60 பெட்டையில் 50 ஈனுகிறது, 50 குட்டி, மூன்று மாதத்தில் தேறுவது 43 என்று வைப்போம். மந்தை முழுவதும் ஒரு பிரதி என்றே வைத்து, 50 ஈற்றுக்கு 72 குட்டி பிறக்கிறது. பராமரிப்பு பழையபடியே இருந்தால் இரட்டைக் குட்டி ஒற்றையைவிட மெலிந்தது, அதிகம் சாகும். நூற்றுக்கு 75 தேறினால் 54. இப்போது மரபணுவே இல்லாமல், இருக்கும் மேச்சேரியைச் சரியாகக் கவனித்து 60-இல் 55 ஈன்று, 100-க்கு 95 குட்டி தேறினால் 52. இரண்டு குட்டிதான் வித்தியாசம். அதற்காகவா கிடாவும் பரிசோதனையும் நான்கு ஆண்டும்? ஆனால் கவனிப்பும் மரபணுவும் சேர்ந்தால், 55 ஈற்றில் 80 குட்டி, 90 சதவீதம் தேறினால் 72. லாபம் அங்கேதான் இருக்கிறது. மரபணு முட்டையை மட்டும்தான் கொடுக்கும். பாலையும் பிறப்பெடையையும் நீங்கள்தான் தீவனத்தில் கொடுக்க வேண்டும். ஆகவே இந்த ஆண்டு கிடா வாங்காதீர்கள். ஒரு நோட்டில் எந்த ஆடு சினை பிடிக்கவில்லை, எது கருச்சிதைந்தது, எந்தக் குட்டி எத்தனையாம் நாள் செத்தது என்று ஒரு வருடம் எழுதுங்கள். ஒற்றைக் குட்டியிலேயே பத்துக்கு ஒன்றுக்கு மேல் சாகிறது என்றால் இரட்டைக்கு மந்தை இன்னும் தயாராகவில்லை.

தீவனம் மூன்று கட்டம். கிடா விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து சேர்க்கை முடியும் வரை ஆட்டுக்கு 200 முதல் 250 கிராம் அடர்தீவனம். மெலிந்த ஆட்டுக்கு இது பலன் தரும், கொழுத்த ஆட்டுக்கு வீண். அடுத்தது சினையின் கடைசி 50 நாள். குட்டியின் எடையில் பெரும்பங்கு, ஏறக்குறைய 70 சதவீதம், அந்த நாட்களில்தான் ஏறுகிறது. அதே நாட்களில் இரண்டு குட்டியும் வயிற்றை அடைத்துக்கொள்வதால் ஆட்டால் நிறைய மேய முடியாது. ஒற்றைச் சினைக்கு 200 கிராம், இரட்டைச் சினைக்கு 300 முதல் 400 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. மூன்றாவது ஈன்ற பிறகு 60 நாள், இரட்டைத் தாய்க்கு 400 கிராம், கூடவே வேலிமசால் அல்லது அகத்தித் தழை. ஓர் இரட்டைத் தாய்க்கு சினையில் 15 முதல் 20 கிலோ, பாலில் 24 கிலோ என்று ஒரு ஈற்றுக்கு 40 கிலோ அளவுக்கு அடர்தீவனம் ஆகும். இந்தச் செலவைக் கூடுதல் குட்டியின் விலையிலிருந்து கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். 100 கிலோ கலவைக்கு உடைத்த மக்காச்சோளம் 40, கடலைப் பிண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு 1. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு கருச்சிதைவில் முடியும், முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

எந்த ஆட்டில் இரட்டை என்று சினை 45 முதல் 90 நாளுக்குள் ஸ்கேன் பார்த்தால் தெரியும். கால்நடை மருத்துவமனையில் வசதி இருந்தால் ஒரு பிரதிப் பெட்டைகளை மட்டும் கொண்டுபோங்கள். இரட்டைச் சினைகளுக்குச் சாயப்புள்ளி வைத்துத் தனியே தீவனம் வைத்தால் செலவு குறையும்.

கடைசி மாதத்தில் ஒரு ஆடு மந்தையில் பின்தங்கி, தீவனம் எடுக்காமல், கண் தெரியாதது போல் சுவரில் முட்டி நின்று, மூச்சில் புளித்த பழ வாசனை வந்தால், அது வயிற்றில் இரட்டை உள்ள ஆட்டுக்கு வரும் நோய். குட்டிகள் இழுக்கும் சர்க்கரையை ஈடுகட்ட ஆடு தன் கொழுப்பை எரித்து, அந்தக் கழிவில் நஞ்சாகிறது. படுத்துவிட்டால் பிழைப்பது கடினம். முதல் அறிகுறியிலேயே புரொப்பிலீன் கிளைக்கால் 60 மில்லி காலையும் மாலையும் வாயில் புரை ஏறாமல் ஊற்றி, மருத்துவரை அழைத்துக் குளுக்கோஸ் ஏற்றுங்கள். மழை என்று இரண்டு நாள் பட்டியிலேயே அடைத்துப் பட்டினி போட்டாலோ, கடைசி மாதத்தில் வண்டியேற்றினாலோ இது வரும். மிகக் கொழுத்த ஆட்டுக்கும் வரும்.

ஈற்று நாளில் இரண்டு மணி நேரம்தான் உயிர். ஒவ்வொரு குட்டியும் அதற்குள் சீம்பால் குடித்திருக்க வேண்டும். பெரியது முந்திக் குடித்துவிட, சின்னது குளிரில் சுருண்டு கிடப்பதுதான் இரட்டையில் வழக்கமான சாவு. வாயில் விரலை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருந்தால் முதலில் சூடு, பிறகு பால். ஒரு வேளைக்குக் கிலோ எடைக்கு 50 மில்லி, முதல் நாளில் கிலோவுக்கு 200 மில்லி. அதிகம் பால் கறக்கும் தாயின் சீம்பாலைக் கறந்து சிறு புட்டிகளில் உறைய வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து இளக்க வேண்டும், கொதிக்கும் நீரில் வைத்தால் திரிந்துவிடும். தொப்புள் கொடியை அயோடினில் முக்குங்கள். தாயையும் இரண்டு குட்டிகளையும் நாலடிக்கு நாலடித் தடுப்பில் இரண்டு மூன்று நாள் தனியே வையுங்கள். இல்லையென்றால் ஒரு குட்டியை நக்கிக்கொண்டிருக்கும்போதே மற்றது மந்தையில் தொலைந்து, பிறகு தாய் அதை மோந்து பார்த்துத் தள்ளிவிடும். குட்டி செத்த தாயிடம் இரட்டையில் ஒன்றை விட வேண்டுமானால், அந்தத் தாயின் பனிக்குட நீரைக் குட்டியின் மேல் பூசி அன்றே விட்டால் ஏற்றுக்கொள்ளும், நாள் கடந்தால் ஏற்காது.

முதல் பத்து நாள் குட்டிகளைக் கொடாப்பில் (குட்டிகளை அடைக்கும் கூண்டில்) வைத்துவிட்டுத் தாய் மேயப் போகலாம். ஆனால் இரட்டைத் தாயை அந்த நாட்களில் தூரம் ஓட்டாதீர்கள். நண்பகலில் திரும்பி வந்து ஒருமுறை ஊட்டும் தூரம்தான் சரி. ஊர் ஊராகக் கிடை போட்டு நடக்கும் மந்தைக்கு, இந்த ஒரு காரணத்தாலேயே, இரட்டைக் குட்டி மரபணு வேண்டாம் என்பதுதான் என் முடிவு. நடக்க முடியாத இரண்டு குட்டியைச் சுமப்பவர் யார்? இரண்டு வாரத்திலிருந்து குட்டிகள் மட்டும் நுழையும் தடுப்பில் அடர்தீவனமும் தழையும் வையுங்கள். மூன்றாவது மாதத்தில் பால் மறக்கச் செய்யலாம். இரட்டையில் ஒவ்வொன்றும் ஒற்றையைவிட இரண்டு மூன்று கிலோ குறைவாகவே இருக்கும், சேர்த்து நிறுத்தால்தான் லாபம் தெரியும். வியாபாரி தலைக்கு விலை பேசினால் எடைக்கு மாற்றிப் பேசுங்கள். சினை ஆட்டுக்கு ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பு துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) தடுப்பூசி போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு போகும். தடுப்பில் அடர்தீவனம் தின்று வேகமாக வளரும் குட்டிகளை இந்த நோய் முதலில் தாக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு வருட நோட்டு நல்லபடி வந்து, கிடா வாங்குவது என்று முடிவெடுத்தால், ஒரே வயதில் ஒரே தகப்பனுக்குப் பிறந்த இரண்டு கிடாக்களைத் தவிர்த்து, வெவ்வேறு வழியில் வந்த இரண்டைக் கேளுங்கள். அருகில் இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் மாற்றிக்கொள்ளவும் வசதி.